நுரையும் மரமும்: மூலப்பொருள் தட்டுப்பாட்டின் முன் இரு மிதவைத் தொழில்கள்

மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், உற்பத்தி குறையும். ஆனால் அதே நெருக்கடியில் ஒரு தொழில் சில நாட்களில் முடங்க, மற்றொன்று பல ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது ஏன் என்பதற்கு இந்த விதி விடை தருவதில்லை. மூலப்பொருள் எத்தனை கைகளிலிருந்து வருகிறது, செய்த பொருளைப் பகுதி பகுதியாகப் புதுப்பிக்க முடியுமா என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அலைச்சறுக்குப் பலகையும் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் இதற்குச் சான்றுகள்.

1950களின் இறுதியில் பால்சா மரத்தின் இடத்தைப் பாலியூரித்தேன் நுரை பிடித்ததிலிருந்து, அலைச்சறுக்குப் பலகையின் உடல் அச்சில் வார்த்த நுரைக்கட்டைதான். பட்டறைக்காரர் அதைச் செதுக்கி, கண்ணாடியிழை போர்த்தி, ரெசின் பூசுவார். அமெரிக்கப் பட்டறைகளுக்கான நுரைக்கட்டைகளில் மிகப் பெரும்பங்கைக் கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனமே அளித்துவந்தது. 2005 டிசம்பர் 5 அன்று அது முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. அச்சுகளும் அழிக்கப்பட்டன. இருப்பிலிருந்த கட்டைகளின் விலை எகிறியது. விற்பனைக்குப் பங்கீடு வந்தது. கைத்திறனுக்கோ வாடிக்கையாளருக்கோ குறைவில்லை. குறைந்தது ஒரே ஒரு பொருள். பின்னர் புதிய நுரை ஆலைகள் எழுந்தன. எப்பாக்சி ரெசின் பூசிய பலகைகளுக்கும் வழி திறந்தது.

கட்டுமரத்தின் நெருக்கடி மெல்ல வந்தது. மலைவேம்பு, அல்பீசியா போன்ற இலகு மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை உலர்த்துவார்கள். ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். காடுகள் சுருங்கிப் பெருமரங்கள் அரிதானபோதும் தொழில் ஒரே நாளில் நிற்காமல் இருந்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

எனினும் மாற்று தேவைப்பட்டது. 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், சென்னை அலுவலகத்திலிருந்து, துறைமுகமில்லாக் கரைகளுக்கேற்ற படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. தென்கோடியில் முட்டம் பட்டறை ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டியது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின.

ஃபைபர் உளுக்காது, நீர் குடிக்காது, மோட்டாருக்கு ஏற்றது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மரத்துக்காகக் காட்டை நம்பியிருந்த தொழில் இப்போது பெட்ரோலிய வேதிப்பொருள்களை நம்புகிறது. ஃபைபர் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் கலக்கும் ஸ்டைரீனை இந்தியா பெரிதும் இறக்குமதி செய்கிறது. கீறலையும் ஓட்டையையும் ஒட்டுப்போட்டு அடைக்கலாம். உடைந்த கூட்டையோ மீண்டும் மூலப்பொருளாக்குவது அரிது. காட்டுத் தட்டுப்பாட்டுக்குப் பதில், கப்பல் தாமதமும் எண்ணெய் விலையும் கொண்டுவரும் தட்டுப்பாட்டுக்கு ஆட்பட்டிருக்கிறோம்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு வளர்ந்திருக்கும் நிலையில் இந்தப் பாடம் நடைமுறைக்கு உரியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிகல் வெண்கலம் வென்றார். பலகைகளோ இங்கே பெரும்பாலும் இறக்குமதிதான். கண்ணாடியிழை மேட் விரித்து ரெசின் பூசும் கைகள் நம் படகுப் பட்டறைகளில் ஏற்கெனவே உள்ளன. உள்ளீடாகத் தெர்மாகோலும் உள்நாட்டில் கிடைக்கிறது. இடையில் நிற்பது ஒரு வேதியியல் தடை: படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அதற்கு எப்பாக்சிதான் வேண்டும்.

எனவே முதலீடு செய்ய வேண்டிய இடம் எப்பாக்சிப் பயிற்சியும் அதைச் சிறு அளவில் வாங்கும் கூட்டுறவு ஏற்பாடும்தான். முழுப் பலகைக்கு மானியம் கொடுத்தால் இறக்குமதியாளரின் எண்ணிக்கை மட்டுமே கூடும். மூலப்பொருளுக்கு இரண்டாவது வழி திறந்தால், முதல் வழி அடைபடும் நாளிலும் பட்டறை திறந்திருக்கும்.