எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? - நம் பெற்றோர் எடுத்த முடிவுகளின் வரலாறு

நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே எழுதியுள்ளனர். ஒன்று, அரசாணைகள்; மற்றொன்று, பள்ளிகளை நிறுவிய பெருமக்களின் தொண்டு. இரண்டும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், ஆணை பிறந்ததும் கட்டடம் எழுந்ததும் பிள்ளைகள் தாமாகவே வந்து நிரம்பிவிட்டனர் என்று கருத இடமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பின்னும், அனுப்புவதா வேண்டாவா, அனுப்பினால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று எண்ணி முடிவு செய்த ஒரு தந்தையும் தாயும் இருந்தனர். அம்முடிவுக்காக அவர்கள் கொடுத்த விலையைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1856ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய் மாகாணத்துத் தார்வார் நகரில் மகர் குலத்துச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பம் செய்தான். பம்பாய் அரசு மறுத்தது. நியாயம் சிறுவன் பக்கமே உள்ளது என்று ஒப்புக்கொண்ட பின்னரே மறுத்தது என்பதுதான் வியப்பு. இதுவரை இவ்வாறு முன்வந்தவன் இவன் ஒருவனே. ஒருவனுக்காகப் பள்ளி முழுவதையும் வெறுமையாக்க இயலாது என்பது அவ்வரசின் வாதம். அந்த ஒருவன் பள்ளி வாயிலில் வந்து நிற்பதற்கே எத்தனை தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது என்பதை அவ்வதிகாரிகள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1858இல் இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள், அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் வேறுபாடின்றித் திறந்தவை என்று அறிவித்தனர். 1882இல் அமைந்த ஹண்டர் குழு அக்கொள்கையை ஏற்றுக்கொண்டது. எனினும், போதிய பிள்ளைகள் உள்ள இடங்களில் தனிப் பள்ளிகள் அமைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அன்று முதல் நம் பெற்றோர் முன் இரு வழிகள் தோன்றின. பொதுப் பள்ளி ஒன்று. தனிப் பள்ளி ஒன்று. இன்றுவரை அவ்விரு வழிகளின் சந்தியிலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

சென்னை மாகாணத்தில் 1893இல் பிறந்த அரசாணை ஒன்று, பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று போற்றப்பட்டது. அடுத்த ஆண்டே கர்னல் ஆல்காட் அடையாற்றில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அவை ஐந்தாகப் பெருகின. கிறித்தவ மிஷன்கள் அதற்கும் பல்லாண்டுகள் முன்னரே சேரிகளுள் பள்ளி நடத்தி வந்தன. இவற்றைப் பலரும் விரிவாக எழுதியிருப்பதால் இங்கு நீட்டிக்கவில்லை.

பள்ளி வந்தது, பிள்ளையை அனுப்புவது எப்படி? செங்கற்பட்டு, தஞ்சை மாவட்டங்களின் படியாள், பண்ணையாள் குடும்பங்களில் ஏழெட்டு வயதுச் சிறுவன் மாடு மேய்ப்பவன். அவனுக்குக் கிடைக்கும் நெல்லோ கூழோ வீட்டின் ஒரு வேளை உணவாகும். அவன் பள்ளிக்குப் போனால் அந்த ஒரு வேளை போயிற்று. அத்துடன், மிராசுதாரரிடம் பட்ட கடனுக்காகக் கட்டுண்டிருக்கும் தந்தை, தன் மகனைப் பண்ணை வேலைக்கு அனுப்பாமல் பலகையும் குச்சியும் கொடுத்து அனுப்பினால், குடியிருக்கும் மனைக்கட்டே பறிபோகலாம். படிப்பில் நாட்டமில்லாத மக்கள் என்று நம் முன்னோரைப் பற்றி எழுதிய அதிகாரிகள் பலர். நாட்டம் இருந்ததா இல்லையா என்பதைச் சோற்றுக்கும் மனைக்கும் அஞ்சவேண்டாதவனிடத்தில் அளந்து பார்ப்பதே முறை. 1920இல் சென்னை நகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகலுணவு வழங்கத் தீர்மானித்தது. பசியையும் பள்ளியையும் ஒருசேர எண்ணிய தீர்மானம் அது.

பொதுப் பள்ளியின் நிலை என்ன? 1918ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் பொது நிருவாகத்திலிருந்த 8,157 பள்ளிகளுள் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. சட்டம் எங்கும் கதவை அடைக்கவில்லை. கதவு இருந்த தெருதான் அடைபட்டிருந்தது. பள்ளிகள் அக்கிரகாரத்திலும், ஊர்ச் சாவடியிலும், கோயிலைச் சார்ந்த இடங்களிலும் நடைபெற்றன. நம்மவர் கால்வைக்கக் கூடாத தெருவிலே எல்லோருக்கும் பொதுவான பள்ளி! எல்லா வகுப்பாரும் வரத்தக்க இடங்களுக்குப் பள்ளிகளை மாற்ற முயலுமாறு 1919இல் அரசு அறிவுறுத்தியது. ஆயினும், ஊராரின் இசைவின்றி ஒரு பள்ளியை நகர்த்துவது அன்றைய அதிகாரிகளுக்கு எளிய செயலன்று.

பொதுப் பள்ளியினுள் நுழைந்துவிட்டவரின் அனுபவத்துக்கு இரட்டைமலை சீனிவாசன் அவர்களே சான்று. 1939இல் வெளியான தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோவையில் தாம் பயின்ற பள்ளியைப் பற்றி எழுதியுள்ளார். ஏறத்தாழ 400 மாணவரில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் குடும்பமும் வெளிப்பட்டுவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். மற்றவர் தம்மை எட்டிவிடாதவாறு விரைந்து வீடு திரும்புவாராம். விளையாட்டில் கலந்துகொள்ள இயலாமையை நினைந்து வருந்துகிறார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த பெருமகனின் பள்ளிப்பருவம் இது.

டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் அவர்களை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. படைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, சுபேதார் மேஜர் நிலையில் ஓய்வு பெற்றவர் அவர். பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் குடும்பம். முதலில் மராத்தா உயர்நிலைப் பள்ளி. சில மாதங்களில் அங்கிருந்து மகனை எடுத்து, அரசின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். நகரின் சிறந்த பள்ளிகளுள் ஒன்று அது. மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார்; ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அறை நெருக்கடியானது என்பதால் மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, இரண்டு மணி வரை தாம் விழித்திருந்து, பின் மகனை எழுப்பிப் படிக்க வைத்துத் தாம் உறங்குவார். இவ்வளவு செய்தும், அப்பள்ளியில் மகன் விரும்பிய வடமொழியைப் பயில முடியவில்லை. பாரசீகமே பயில நேர்ந்தது. 1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். இந்த வெற்றியில் நகையை இரவல் கொடுத்த பெண்மக்களுக்கும் பங்குண்டு என்பதை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அப்பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றிய பேச்சே அதில் எழவில்லை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

ராம்ஜி தனியொருவராகச் செய்ததைத் திருவிதாங்கூரில் ஒரு சமுதாயமே கூடிச் செய்தது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர் பெருமக்களைத் திரட்டினார். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்தது நமக்குத் தெரியும்; பள்ளிச் சேர்க்கைக்காக உழவுத் தொழிலாளர் வயலைத் தரிசாக விட்டது பெற்றோர் வரலாற்றின் தலையாய நிகழ்ச்சி என்பேன். அடுப்பெரியாத நாள்களைத் தாங்கியவர்கள் அவ்வீட்டுத் தாய்மார். அடுத்த சில ஆண்டுகளுள், பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, பள்ளியையே எரித்துவிட்டனர். கருகிய பெஞ்சு ஒன்று அங்கே இன்றும் காக்கப்படுகிறது. 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

இத்தகைய பொதுப் பள்ளிகளுக்கு இடையில், தனிப் பள்ளியைத் தேர்ந்த பெற்றோரைக் குறை கூறுவது எளிது. தனிப் பள்ளி தீண்டாமையை நிலைநிறுத்தும் என்று கூறியவர்கள் உண்டு. அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆனால், குழந்தை அஞ்சாமல் வாய்விட்டு எழுத்தொலிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்றால், தாய் வேறு எதைத் தேர்வாள்? தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளை மக்கள் 'லேபர் பள்ளிக்கூடம்' என்றே வழங்கினர். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நிறுவிய நந்தனார் கல்விக் கழகமும் அதன் விடுதியும், தென்னார்க்காட்டுப் பெற்றோர் தம் பிள்ளையைச் சேரியைவிட்டு வெளியே அனுப்பத் துணிவு தந்தன. பண்ணையாரின் கண்ணுக்கெட்டாத தொலைவில் பிள்ளை படிக்கிறான் என்பதே அவ்விடுதியின் பெருஞ்சிறப்பு. எவ்வழியைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு இருந்தது. பொதுப் பள்ளியில் மானம். தனிப் பள்ளியில் வாய்ப்பு.

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பெற்றோரின் பங்கு என்பதற்கே ஒரு புதுப்பொருள் கற்பித்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பர். எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். தச்சனின் மகன் உளி பிடிக்கலாம், நெசவாளியின் மகன் தறியில் அமரலாம். நம் தந்தையர் எதைக் கற்பிப்பது? செத்த மாட்டை அகற்றுவதையா? சாவுக்குப் பறையடிப்பதையா? மகன் தன்னைப்போல் ஆகக்கூடாது என்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பிய தந்தையிடம், மகனை உன்னைப்போல் ஆக்கு என்றது அத்திட்டம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது நாடறிந்தது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954 மே மாதத்தில், காமராசர் முதலமைச்சரான பின், திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் பகலுணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது.

இன்று தேர்வு வேறு உருவம் கொண்டுள்ளது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பிழந்தோருக்கும் ஒதுக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் கூலித் தொழிலாளியின் செயலை வெறும் மயக்கம் என்று எள்ளுவோர், ராம்ஜி சக்பால் அடகு வைத்த நகையையும் எண்ணிப் பார்க்கட்டும். அதே வேளையில், கட்டணம் உயர்ந்த பள்ளியெல்லாம் கல்வி உயர்ந்த பள்ளி ஆகிவிடாது என்பதையும் நம் பெற்றோருக்கு எடுத்துரைக்கும் கடமை இத்தகைய கழகங்களுக்கு உண்டு.

லேபர் பள்ளிக்கூடங்களின் வழிவந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் அத்தகைய பரிந்துரையைச் செய்தது. சாதிப் பெயர் தாங்கிய பள்ளி ஒழியட்டும் என்பது ஒரு சாரார் கருத்து. தனித் துறை, தனி நிதி, சேரிக்கு அருகிலேயே ஒரு பள்ளி என்னும் பாதுகாப்புகள் கரைந்துபோகும் என்பது மறுசாரார் அச்சம். ஹண்டர் குழுக் காலத்து வினாவே மீண்டும் எழுந்துள்ளது. என் கருத்தில், பெயர் மாறுவதற்கு முன் அப்பள்ளிகளின் ஆசிரியர் இடங்கள் நிரம்ப வேண்டும். மேலும், இம்முறை பெற்றோரைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். நம் பகுதிகளில் அவ்விடங்களில் பெயர் எழுதப்பட்டுள்ள தாய்மார் பலர், பகலில் கூடும் கூட்டத்துக்கு வருவதற்கு ஒரு நாள் கூலியை இழக்கவேண்டியவர்கள். கூட்டத்தை மாலையில் கூட்டுமாறு அந்தந்தத் தலைமையாசிரியரிடம் கழகம் கேட்கலாம்.