ஊசி இல்லாத பின்னல்

இழை கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து படிங்க.

போன மாசம் ஓபியில ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும். இடது கை விரல்கள்ல நகச்சுத்து, மாசக்கணக்கா ஆறல. "என்ன வேலைம்மா பாக்குறீங்க?"ன்னு கேட்டேன். "வேலைலாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா, சும்மா வீட்லதான்." நானும் சீட்டுல 'ஹவுஸ் வைஃப்'னு எழுதிட்டு மருந்து எழுத ஆரம்பிச்சேன். அப்பதான் ஆள்காட்டி விரல்ல நூல் அறுத்த கோடு கண்ணுல பட்டது. விசாரிச்சா, இருபது வருஷமா பூ கட்டுறாங்க. விடியறதுக்கு முன்னாடி ஈர நாரும் ஈரப் பூவுமா உட்காந்தா பத்து மணி வரைக்கும் அதே வேலை.

அந்த ஈரம்தான் நோய்க்குக் காரணமே. நான் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை நம்பி அனுப்பியிருந்தா, அதே விரலோட அடுத்த மாசமும் வந்து நின்னிருப்பாங்க.

அதே வாரம் தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினா. ஒரு வெளிநாட்டுப் பொண்ணு, கட்டை விரல் தடிமன்ல உல்லன் நூல். ஊசி கிடையாது, குரோஷா கொக்கியும் கிடையாது. ரெண்டு கையையே ஊசியா வச்சு அரை மணி நேரத்துல ஒரு மஃப்ளர் பின்னி முடிச்சிடுறாங்க. ரெண்டு முனையையும் சேர்த்துட்டா கழுத்துல மாட்டுற வளையம். ஆர்ம் நிட்டிங்னு பேர். "புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க பாரு"ன்னு கூடவே ஒரு வரி.

மே மாசம், விருத்தாசலம், கழுத்துல கம்பளி. அந்தக் கொடுமைய விடுங்க. 'புதுசா'ங்கிற வார்த்தைதான் என்னை இழுத்துட்டுப் போயிடுச்சு.

முதல்ல பின்னல்னா என்னன்னு பாத்துடுவோம். போட்டிருக்கிற பனியனை இழுத்து உத்துப் பாருங்க. குட்டிக் குட்டியா 'V' வடிவம், ஒண்ணு மேல ஒண்ணா வரிசையா தெரியும். ஒவ்வொண்ணும் ஒரு கண்ணி. ஒரு கண்ணிக்குள்ள இருந்து அடுத்த கண்ணியை இழுத்தெடுக்கணும், அதுக்குள்ள இருந்து அடுத்தது. தறியில நெய்யற வேட்டியில பாவு நூல், ஊடு நூல்னு ரெண்டு இருக்கும். பின்னல்ல ஒரே நூல் போதும். கண்ணி பக்கத்துக் கண்ணிக்குக் கொஞ்சம் நூல் கடன் கொடுக்கும், அதனாலதான் பனியன் நீளுது, வேட்டி நீளல. ஒரு இடத்துல நூல் அறுந்தா கண்ணி ஓடுறதும் அதே காரணத்தாலதான்.

எங்க வேலையிலயும் இது இருக்கு. எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போடும்போது, தோல் மேல முதல்ல ஒரு வெள்ளைக் குழாய்த் துணியை மாட்டுவோம், ஸ்டாக்கினெட். அதுவும் பின்னல்தான். அதுக்கு மேல போற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொரு வழியிலயும் பழக்கம். செராமிக் பட்டறைகள்ல கொலு பொம்மைக்கு அச்சு செய்யறது அதே மாவுலதான். களிமண் கரைசலை அச்சுக்குள்ள ஊத்தினா தண்ணியை அது உறிஞ்சிக்கும், சுவரோட மண் படியும்.

மண்ணைப் பத்தி சும்மா பேசல. கதை அங்கதான் ஆரம்பிக்குது.

நூலுக்கு வரலாறு எழுதுறது ரொம்பக் கஷ்டம். கல் கிடைக்கும், எலும்பு கிடைக்கும், பானை ஓடு கிடைக்கும். நூல் மக்கிப் போயிடும். கீழடியில தக்களிகள் கிடைச்சிருக்கு. சுட்ட மண்ணுல செஞ்ச அந்தச் சின்ன வட்டத்தை மாட்டிச் சுத்திதான் நூல் நூற்றிருக்காங்க. வட்டம் இருக்கு, நூல் இல்ல.

செக் நாட்டுல டோல்னி வெஸ்தோனிட்சேன்னு ஒரு இடம். சுமார் 27,000 வருஷத்துக்கு முந்தின, பனியுக வேட்டைக்காரர்களோட குடியிருப்பு. உலகத்துல நமக்குக் கிடைச்ச மிகப் பழைய சுட்ட மண் உருவங்கள்ல சில அங்க கிடைச்சவை. 1925-ல் எடுத்த பெண் உருவம் ஒண்ணு உலகப் புகழ், உயரம் 11 சென்டிமீட்டர்தான். அதே இடத்துல யாரும் பெருசா மதிக்காத சுட்ட மண் துண்டுகளும் நிறைய கிடந்துச்சு. 1990-களில் ஓல்கா சோஃபர், ஜேம்ஸ் அடோவாசியோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அந்தத் துண்டுகளை உருப்பெருக்கியில வச்சுப் பாத்தாங்க. மேல தடம் பதிஞ்சிருந்தது. முறுக்கின கயிறு, நெய்த துணி, கூடை, முடிச்சுப் போட்ட வலை. ஈர மண்ணுல துணி பட்டிருக்கு, மண் சுட்டிருக்கு, துணி போயிடுச்சு, தடம் மட்டும் நின்னுடுச்சு.

யாரும் பாதுகாக்கணும்னு நினைச்சுச் செஞ்சதில்ல. தற்செயல். செராமிக் ஊர்ல வேலை பாக்குற எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு சிலிர்ப்பு வந்தது, பொய் சொல்லல.

அந்த வலையை ஊசி வச்சுப் போட்டாங்களா, வெறும் விரலாலயா? தடம் அதைச் சொல்லாது. ஆனா ஒரு முடிச்சுக்கு விரலே போதும்ங்கிறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறுவை சிகிச்சையில தையல் போட்டுட்டு நாங்க கையாலயே முடிச்சுப் போடுவோம், ஒத்தைக் கையாலயும்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப கட்டில் கால்ல நூலைக் கட்டி ராத்திரி முழுக்கப் பழகினது இன்னும் ஞாபகம் இருக்கு.

இதுல எங்களுக்கு ஒரு பாட்டனார் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர், பேர் ஹெராக்லஸ். முறிஞ்ச எலும்பைத் தாங்கிப் பிடிக்க, மூட்டை இழுத்து உட்கார வைக்க என்னென்ன முடிச்சு, என்னென்ன தூளி போடலாம்னு படிப்படியா எழுதி வச்சார். அவர் எழுதினது தனி நூலா வரல. மூணு நூற்றாண்டு கழிச்சு, ரோமப் பேரரசர் ஜூலியனோட மருத்துவர் ஒரிபேசியஸ் தன் பெரிய தொகுப்புல சேர்த்ததால தப்பிச்சுது.

அதுல ஒண்ணு தாடை எலும்பு முறிவுக்கானது. ஒரு கயிற்று வளையத்தை ரெண்டு கை விரல்லயும் மாட்டி, எடுத்து, மாத்தி, நடுவுல ஒரு சதுரம் வர்ற மாதிரி செய்யணும். தாடை அந்தச் சதுரத்துல உட்காரும். சின்ன வயசுல நூலை விரல்ல மாட்டி கட்டில், ஏணின்னு உருவம் வரவச்சு விளையாடினோமே, அதே வகை. எழுத்துல கிடைச்ச மிகப் பழைய நூல் உருவம் இதுதான்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் கிட்டயும் இதே உருவம் இருக்கு.

உலகம் முழுக்கக் குழந்தைகளும் பெண்களும் விரல்ல செஞ்சுட்டு இருந்த ஒண்ணு. ஒரு மருத்துவர் நோட்டுல எழுதினதால மட்டும் அதுக்கு ஒரு தேதி கிடைச்சிருக்கு.

சரி, பின்னல். கண்ணிக்குள்ள கண்ணி போடுற அசல் பின்னல் நாம நினைக்கிற அளவு பழசு இல்ல. எகிப்துல 3 முதல் 5-ஆம் நூற்றாண்டுக்குள்ள செஞ்ச சிவப்பு உல்லன் சாக்ஸ் ஒரு ஜோடி லண்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. செருப்பு வார் போக கட்டை விரல் தனியா பிரிச்சது. பாத்தா பின்னல் மாதிரியே இருக்கும், ஆனா அது ஒத்தை ஊசியில துண்டுத் துண்டு நூலா கோத்தது. வேற முறை. இன்னைக்கு நாம சொல்ற பின்னலுக்கு நல்ல சான்றுன்னா, அதே எகிப்துல 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிக் கிடைக்கிற நீலமும் வெள்ளையுமான பருத்தி சாக்ஸ்தான்.

அப்புறம் ஐரோப்பா. 1589-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்துல வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் செஞ்சார். கையால பின்னுறவங்க பிழைப்பு போயிடும்னு எலிசபெத் ராணி உரிமம் தர மறுத்ததா ஒரு கதை உண்டு. அந்த இயந்திரத்தோட பேரப்பிள்ளைகள்தான் இன்னைக்குத் திருப்பூர்ல ஓடுது.

நம்ம பக்கம் வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி.

1819-ல் மார்த்தா மால்ட்டும் அவர் கணவர் சார்லஸ் மால்ட்டும் லண்டன் மிஷன் சார்பா நாகர்கோவில் வந்தாங்க. அப்ப அது திருவிதாங்கூர். அங்க பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, அந்தப் பள்ளியில ரேந்தை. லேஸைத்தான் சொல்றேன். தென்கோடியில இன்னமும் பழைய ஆட்கள் ரேந்தைன்னுதான் சொல்வாங்க, போர்த்துகீசியச் சொல். ஒரு திண்டு மேல வரைபடத்தை விரிச்சு, குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகள்ல சுத்தின நூல்களை ரெண்டு கையாலயும் மாத்தி மாத்திப் பின்னுறது. இதுக்குக் குண்டூசியும் கட்டையும் வேணும், ஆர்ம் நிட்டிங் மாதிரி வெறுங்கை இல்ல. ஆனா தறியும் இல்ல, பின்னல் ஊசியும் இல்ல. விரல் போற போக்குலதான் துணி உருவாகும்.

அந்தப் பள்ளிக்கு வந்த பெண்கள்ல அடிமைகளா இருந்தவங்களும் உண்டு. உருவகமா சொல்லல, சட்டப்படியே இன்னொருத்தர் உடைமை. திருவிதாங்கூர்ல அடிமை முறை ஒழிஞ்சது 1855-ல்தான். அதுக்கு முன்னாடியே சில பெண்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்து வச்சு, தங்களுக்கான விலையைத் தாங்களே கட்டி விடுதலையாகிப் போனாங்க.

இதை ஒரு தடவை நிதானமா படிங்க.

அதே ஊர், அதே வருஷங்கள்ல தோள்சீலைக் கலவரம். 1820-களில் இருந்து 1859 வரைக்கும் விட்டு விட்டு நடந்தது. நாடார் பெண்கள் மார்பையும் தோளையும் மறைச்சுத் துணி போட்டதுக்காகத் தெருவுல வச்சுக் கிழிச்சாங்க, வீட்டை எரிச்சாங்க. 1859 ஜூலையில மகாராஜா ஆணை வந்தது: குப்பாயம் போடலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணி கட்டலாம், ஆனா உயர்சாதிப் பெண்கள் கட்டுற மாதிரி கட்டக் கூடாது. தோளைச் சுத்தி ஒரு துணி போடுறதுக்கு அவ்வளவு விலை. வீடியோவுல அந்தப் பொண்ணு பின்னி முடிச்சு கழுத்துல போட்டுக்கிட்டு சிரிச்சப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மார்த்தாவோட மகள் எலைசா. 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடி போனார், ரேந்தையும் கூடவே போச்சு. கால்டுவெல்லை நமக்குத் தெரியும், சிலை இருக்கு. எலைசாவைக் கொஞ்சப் பேருக்குத் தெரியும். மார்த்தாவை அதைவிடக் கொஞ்சப் பேருக்கு. கூலி சேர்த்து விடுதலை வாங்கின அந்தப் பெண்கள்ல ஒருத்தர் பேராவது நம்ம யாருக்காவது தெரியுமா?

இப்ப 'புது' கண்டுபிடிப்புக்கு வருவோம். ஆர்ம் நிட்டிங் வீடியோக்கள் 2013 வாக்கில் இணையத்துல பரவுச்சு. பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. வலது மணிக்கட்டுல பத்துப் பன்னெண்டு கண்ணி ஏத்துவீங்க. நூலை வலது கைப்பிடிக்குள்ள வச்சு, ஒரு கண்ணியை அந்தக் கை முஷ்டி மேல இருந்து கழட்டினா கைக்குள்ள புதுக் கண்ணி நிக்கும். அதை இடது மணிக்கட்டுல மாட்டணும். எல்லாம் இடம் மாறினதும் திரும்ப இடதுல இருந்து வலது. அவ்வளவுதான்.

உல்லன் நூல்தான் வேணும்னு இல்ல. பழைய பனியனைப் பட்டையா வெட்டி இழுத்தா அருமையான நூல். முடியலன்னா நடுவுல எழுந்து போக முடியாது, கை உள்ள மாட்டியிருக்கும், அடுப்புல பால் வச்சுட்டு உட்காராதீங்க. வளையல், மோதிரத்தைக் கழட்டிடுங்க. கண்ணியை இறுக்காதீங்க, விரல் மரத்தா உடனே நிறுத்துங்க. டயாலிசிஸுக்குக் கையில ஃபிஸ்துலா போட்டவங்க இதைத் தொடவே வேண்டாம், அந்தக் கையில எந்த இறுக்கமும் ஆகாது.

ஆனா நூலும் வெறும் விரலும் மட்டும் வச்சு வேலை செய்யறதைப் பாக்க அமெரிக்கப் பொண்ணு வீடியோ எதுக்கு? விருத்தகிரீஸ்வரர் கோயில் பக்கம் காலையில போய் நில்லுங்க. இடது கை விரலிடுக்குல ரெண்டு ரெண்டு பூவா எதிரும் புதிருமா வச்சு, நாரை ஒரு சுத்து, விரல்ல ஒரு சுருக்கு, காம்பு மேல போட்டு ஒரு இழு. நான் எண்ணிப் பாக்க முயற்சி பண்ணினேன், கண்ணு தோத்துப் போச்சு. ஒயர் கூடை போடுறவங்களைக் கேளுங்க. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட்னு முடிச்சுக்குப் பேரே வச்சிருக்காங்க. கண்ணிக்குள்ள கண்ணி இழுக்கிற பின்னல் வேற, இந்த முடிச்சுகள் வேற. கருவி மட்டும் ஒண்ணுதான், பத்து விரல்.

'என்ன வேலை?'ன்னு கேட்டா இவங்க எல்லாரும் சொல்ற பதில் 'சும்மா வீட்லதான்'. முழத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவங்களும் அதைத்தான் சொல்றாங்க. நாங்களும் அப்படியே எழுதிக்கிறோம்.

இப்ப கேள்வியை மாத்திட்டேன். 'காலையில எழுந்ததுல இருந்து கையால என்னென்ன செய்வீங்க?' ஓபி கூட்டத்துல இதுக்கு அரை நிமிஷம் கூடுதலாகுது, வரிசையில நிக்கிறவங்க முறைக்கிறாங்க. அந்த அக்கா திரும்ப வந்தப்ப சீட்டுல பழசை அடிச்சுட்டு 'பூ கட்டுபவர், 20 வருடம்'னு எழுதினேன். எட்டிப் பாத்துட்டு, "இதெல்லாம் எதுக்கு டாக்டரம்மா எழுதுறீங்க"ன்னு சிரிச்சாங்க. விரல் பரவாயில்ல. ஈரத்தைத் துடைச்சுத் துடைச்சுக் கட்டுறாங்களாம், வேகம் குறைஞ்சிடுச்சுன்னு வருத்தம்.

உங்க வீட்டுல, ஊர்ல ஊசி இல்லாம கையாலயே பின்னுற, முடியுற, கட்டுற வேலை என்ன இருக்கு? அதுக்கு உங்க பக்கம் என்ன பேர்? கீழ எழுதுங்க. செஞ்சவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க, அவங்களுக்குச் சம்மதம்னா.