கொழுந்தெடுக்கும் கையின் கல்வி

உக்குவளை மின்னிலையத்திலிருந்து வெளிப்படும் நீரைக் கண்டிராதார் நம்முள் அரியர். நுரை பொங்கச் சுது கங்கையை நோக்கி விரையும் அந்நீரைப் புதிதாக வருவோர் பார்ப்பின், அது இம்மலையடியில் இயல்பாக ஊற்றெடுத்ததென்றே எண்ணுவர். உண்மை வேறு. பொல்கொல்லையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே அணை அமைத்து, அங்கிருந்து மலையின் வயிற்றினூடே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளத்திற்குச் சுரங்கம் குடைந்து, 1976 ஆம் ஆண்டில் அந்நீரை நம்மூருக்குக் கொணர்ந்தனர். இருளிலே பாறையை உடைத்தோர் பட்ட பாட்டை வெளியே பாயும் நீர் எவருக்கும் சொல்வதில்லை.

மனிதரின் கைத்திறனும் இத்தகையதே. தேர்ந்தவன் செய்யும்போது எத்தொழிலும் எளிதாகத் தோன்றும். மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரத பவனியின்போது தவில் வாசிப்போரைப் பார்த்து நிற்கும் சிறுவன், அடுத்த நாளே தகரப் பேணியொன்றை எடுத்துத் தட்டத் தொடங்குகிறான். தோலில் விரல் பட்டுப் பட்டு வீங்கிய நாட்கள் எத்தனை என்பதை அவன் அறியான். அறியாமை சிறுவனிடத்தில் இருந்தால் அது விளையாட்டு. ஒரு நாடே தன் உழைப்பாளரைக் குறித்து அவ்வறியாமையைக் கொண்டிருந்தால் அது அநீதியாக முடியும். நம் முன்னோர் தொழிலின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென ஆட்கள் தேவைப்பட்டபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை உண்டன. மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர் வந்தோர்க்குக் காலே வண்டி.

அவர்கள் பெரும்பாலும் நெல்வயலிலும் புன்செய்யிலும் உழைத்துப் பழகியவர்கள். கோப்பியையோ தேயிலையையோ இறப்பரையோ பயிரிட்டறியாதவர்கள். ஆகவே மலைநாட்டுப் பயிர்த்தொழில் முழுவதையும் இங்கு வந்த பின்னரே கற்க நேர்ந்தது. அக்கல்விக்குப் பள்ளியும் இல்லை, ஏடும் இல்லை, பட்டமும் இல்லை. எனவேதான் அது கல்வியென்றே எவராலும் கருதப்படவில்லை. தோட்டத் தொழில் நெடுங்காலம் ‘பயிற்சி வேண்டாத தொழில்’ என்னும் வகுப்பிலேயே வைத்து எண்ணப்பட்டது.

துரை கற்ற ஆறு ஆண்டுகள்

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையிலே ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இம்மாற்றம் ஏதோ ஒரே இரவில் நிகழ்ந்ததுபோலப் பலர் பேசுவர். லூல்கந்துரத் தோட்டத்து ஜேம்ஸ் டெயிலரின் வரலாறு அதனை மறுக்கிறது.

ஸ்கொத்லாந்திலிருந்து 1852 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த டெயிலர், 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். இலையைப் பதப்படுத்தும் பொறிகள் அப்போது அவரிடம் இல்லை. தமது பங்களா விறாந்தையில் மேசை போட்டு, இலையை அதன்மீது பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை கையை அழுத்தி உருட்டச் செய்தார். உருட்டிய இலையை மண்ணடுப்புகளில் கரி நெருப்பின்மேல் உலர்த்தினார். 1872 ஆம் ஆண்டில்தான் முழு வசதியுள்ள தொழிற்சாலை எழுந்தது. 1873 ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. அந்த 23 இறாத்தலுக்குப் பின்னே ஆறு ஆண்டுக் கைப்பழக்கம் இருந்தது.

டெயிலரின் பெயரை வரலாறு போற்றி வைத்திருக்கிறது, அது தக்கதே. ஆயினும் மேசையில் இலையை உருட்டிய கைகளுக்குரியோர் எவர்? அவர்தம் பெயரை எந்நூலிலும் காண்கிலோம்.

இரண்டு இலையும் ஓர் அரும்பும்

கொழுந்தெடுத்தலைப் படங்களிற் கண்டவர்கள், சிரித்த முகத்தோடு மலர் கொய்வது போன்றதென்று நினைப்பர். அத்தொழிலைச் சற்றே அணுகி நோக்குவோம்.

ஒரு தேயிலைச் செடியில் ஒரே வேளையிலே பல வகைக் குருத்துகள் இருக்கும். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பறிக்கத் தக்க பருவத்தில் உள்ளவை சில. இன்னும் சில நாட்களுக்கு விட்டுவைக்க வேண்டியவை சில. வளர்ச்சி ஓய்ந்து அரும்பு திறவாதிருப்பவை சில. ஓய்ந்தவற்றைக் கிள்ளி அகற்றாவிடின் செடி சோரும். இளையவற்றைப் பறித்தால் அடுத்த சுற்றுக்கு ஒன்றும் எஞ்சாது. முற்றிய இலை கூடையில் விழுந்தால் தேயிலையின் தரம் கெடும். செடியின் மேற்பரப்பும் ஒரே மட்டமாய் அமைய வேண்டும். இத்தனை தீர்ப்பையும் கண் செய்ய, பெருவிரலும் சுட்டுவிரலும் அக்கணமே கொழுந்தை ஒடிக்கின்றன. பறித்ததைக் கைப்பிடியில் நெடுநேரம் வைத்திருப்பின் வெப்பத்தால் கன்றிச் சிவக்கும். ஆகவே கை நிறையுமுன் தோளுக்கு மேலாகப் பின்னே எறிதல் வேண்டும். கூடையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் அதற்குள் அடுத்த செடிக்குச் சென்றுவிடும்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். ஒரு கொழுந்தின் நிறை பெரும்பாலும் ஒரு கிராமுக்கு மேற்படாது. நாளொன்றுக்கு 18 கிலோ என்பது பல தோட்டங்களில் வழங்கிய அளவு. அப்படியாயின் பதினெண்ணாயிரம் கொழுந்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 28,800 வினாடி. இடைவிடாது பறித்தாலும் ஏறத்தாழ மூன்று வினாடிக்கு இரண்டு கொழுந்து என்றாகிறது. இதனிடையே சரிவில் ஏறவும் இறங்கவும் வேண்டும், கூடையின் பாரமோ நெற்றிக் கயிற்றில் தொங்கும், மழை பெய்யும், அட்டை கடிக்கும். அளவு குறைந்தால் அரைப்பேர்.

இக்கலையைக் கற்பித்த ஆசிரியை யார்? தாயே. சிறுமி தாயின் நிரைக்கருகே நின்று பார்த்தாள். பின் ஓரிரண்டு கிள்ளினாள். தவறாகக் கிள்ளியதற்குத் தலையில் குட்டு வாங்கினாள். ஆண்டுகள் சென்றபின் பார்ப்போர்க்கு அவள் கை ‘இயல்பாகவே’ விரைந்தது. அந்த இயல்பின் விலையாகப் பள்ளிக்கூடத்தைப் பலர் இழந்தனர். மேலும் 1984 ஆம் ஆண்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைக்கும் வரை, இத்துணை நுட்பமான தொழிலைச் செய்த பெண், ஆணினும் குறைந்த கூலியையே பெற்றாள் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

ஒரு மில்லிமீற்றர் நுட்பம்

நம் மாவட்டத்திற்கு இறப்பரும் உரியது. 1876 ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளினின்று முளைத்த கன்றுகளுள், ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நாட்டப்பட்டன. மரம் வளர்ந்தும் பாலை முறையாக எடுக்கும் வழி புலப்படவில்லை. மரத்தைக் கொத்திப் புண்படுத்தும் பழைய முறையிலே மரம் விரைவில் நலிந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888 ஆம் ஆண்டு முதல் இருந்த ரிட்லி என்பார், பன்முறை சோதித்த பின்னரே, முன்வெட்டிய விளிம்பிலேயே மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவியெடுக்கும் முறையைக் கண்டார். அறிஞர் ஒருவருக்குப் பல்லாண்டு பிடித்த இவ்விடயம், தோட்டத்திலே எளிய தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது.

பால் வெட்டுபவர் விடியுமுன் மரத்தடிக்குச் செல்கிறார். வெயில் ஏறினால் பால் குறையும். வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சாய்ந்திருத்தல் வேண்டும். பட்டைக்குள் பாற்குழாய்கள் அதற்கு எதிர்ப்புறமாய்ச் சற்றே சாய்ந்திருப்பதால், அவ்வாறு வெட்டினாலே மிகுதியானவை அறுபடும். கத்தி ஆழமாகச் செல்லாவிட்டால் பால் வராது. ஆழம் மீறினால் புதுப்பட்டையை வளர்க்கும் மென்படலம் காயப்பட்டு, அவ்விடம் முடிச்சு விழுந்து பயனற்றுப் போகும். இவ்விரண்டிற்கும் இடையே கைக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அரையிருளிலே, அளவுகோலின்றி, மரத்துக்கு மரம் வேறுபடும் பட்டையில், இருநூறு முந்நூறு மரங்களுக்கு இதனைச் செய்து முடிப்பவரைப் ‘பயிற்சியற்றவர்’ என்பது எந்த நியாயம்?

ஐம்பத்தைந்து பந்துகள்

உழைப்பு மறைந்தும் புகழ் வெளிப்பட்டும் விளங்கிய ஓர் எடுத்துக்காட்டும் நமக்கு அருகிலேயே உண்டு. மாத்தளைப் புகையிரதப் பாதையிலே உள்ளது கட்டுகஸ்தோட்டை. அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர் முத்தையா முரளிதரன். அவர்தம் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காக 1920 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்.

முரளிதரனின் சுழற்பந்தைக் கண்டோர் அதனைப் பிறவியிலமைந்த மணிக்கட்டின் மாயம் என்றனர். ஐயுற்றோர் வேறு பெயரிட்டனர். 1995 ஆம் ஆண்டு மெல்பேணில் நடுவரொருவர் அவர்தம் பந்தைப் பிழையென அறிவித்ததும் நிகழ்ந்தது. ஆனால் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார் என்பதையும், ஏறக்குறைய பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்படி சுழற்பந்துக்கு மாறி, அதனை அடியிலிருந்து கற்றார் என்பதையும் சிலரே எண்ணுவர். 2010 ஆம் ஆண்டு காலியிலே தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அதற்காக அவர் டெஸ்ட் ஆட்டங்களில் வீசிய பந்துகள் 44,039. அதாவது ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ ஐம்பத்தைந்து பந்து. மக்கள் கைதட்டியது ஒரு பந்துக்கு. மற்றை ஐம்பத்து நான்கும் பலனை நோக்காது வீசப்பட்டவை. வலைப்பயிற்சியில் வீசியவற்றுக்குக் கணக்கு வைத்தார் எவரும் இலர்.

நம் கடன்

இவ்விரு வரலாறுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு கண்ணைக் குத்துகிறது. விளையாட்டு வீரர் தாம் விரும்பிய பயிற்சியை மேற்கொண்டார். உலகம் அதனைத் திறமையென ஏற்றது. நம் அன்னையர்க்கோ பயிற்சி தந்தது பசி. அவர்தம் திறமை கூலிப் புத்தகத்தில் கிலோக் கணக்காக மட்டுமே பதிவாயிற்று. திறமையற்றோர் என்று எண்ணப்பட்ட மக்களுக்கு உரிமையை மறுப்பதும் எளிதாயிற்றுப் போலும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட நம்மவருள் எஞ்சியோர்க்கு அக்குறை முற்றாக நீங்கச் சட்டம் வந்தது 2003 ஆம் ஆண்டிலேதான். இந்நாட்டின் செல்வத்தை விரல் நுனியால் எடுத்துத் தந்தோர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தனர்.

ஆகவே இளைஞர்களே, கூடையைத் தொடர்ந்து சுமக்குமாறு நாம் உங்களைக் கேட்கவில்லை. படியுங்கள், விரும்பிய தொழிலுக்குச் செல்லுங்கள். உங்கள் பாட்டி விரும்பியதும் அதுவே. ஆனால் அவர் தொழிலைச் சொல்ல நாணாதீர்கள். கணிதமோ கணினியோ நாதசுரமோ எதுவாயினும், நீங்கள் கற்கும்போது முதல் மாதத்திலேயே கை தளர்ந்தால், பதினெண்ணாயிரம் கொழுந்தை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கொழுந்து வெட்டக் கத்தரிக் கருவிகள் தோட்டங்களுள் புகுந்துவிட்டன. கையால் எடுக்கும் நுட்பத்தை முற்றும் அறிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். எப்போது கற்றீர்கள், எவரிடம் கற்றீர்கள், எத்தனை நாள் கை எரிந்தது என்பவற்றை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சங்கத்து இளைஞர் லயத்துக்கு லயம் சென்று அவற்றை எழுதி வாங்குவாராக. அடுத்த ஆண்டு மலரிலே டெயிலரின் பெயருக்கு அருகில், இலை உருட்டியோரின் வழிவந்தவர் தம் வாயால் சொன்ன வரலாறும் அச்சேறட்டும்.

முத்துமாரி அருள் முன்னிற்க.