மிருதங்கத்தின் கரணையும் இராமனின் கணக்கும்

'உயர்ந்த குரல்' என்னும் தொடர் தமிழில் இருபொருள் தரும். உரக்கப் பேசுவதையும் அது குறிக்கும். மேல் ஸ்தாயியில் பாடுவதையும் குறிக்கும். இயற்பியல் இவ்விரண்டையும் பிரித்தறிகிறது. அலையின் அதிர்வெண் கூடினால் சுருதி உயரும். வீச்சு கூடினால் உரப்பு மிகும். அதிர்வெண் இருமடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். உரப்பு அவ்வாறு வளர்வதில்லை. ஒலியின் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்கானால்தான் செவிக்கு அது இருமடங்கு உரப்பாகத் தோன்றும்.

இவ்வேறுபாடு தோற்கருவி செய்வோரின் அன்றாடத் தொழிலறிவு. கோபாலபுரம் எல்லைக்கு அப்பால், பாலக்காட்டு மாவட்டத்தின் பெருவெம்பா மிருதங்கம், மத்தளம், செண்டை செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். மிருதங்கத்தின் விளிம்புப் பின்னலைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தோலின் இழுவிசையைக் கூட்டினால் சுருதி ஏறும். தோலை ஓங்கி அடித்தால் முதன்மையாக உரப்பே மிகும்.

ஆயினும் இறுக்கிக் கட்டிய வெறுந்தோல் தெளிவான சுருதியைத் தருவதில்லை. அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 எனப் பின்னங்களாகச் சிதறும். முழுமடங்குகளாக அமையாத அதிர்வுகள் ஒன்றுகூடினால் செவி அதைச் சுரமாக அன்றி, ஓசையாகவே கொள்ளும். மிருதங்கத்தின் வலந்தலையில் இக்குறையை நீக்குவது கரணை. கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்குமாறு படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள்.

1920இல் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இந்தியத் தோற்கருவிகளின் இவ்வியல்பை எடுத்துரைத்தார். 1934இல் இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகளில் அதை விரித்தெழுதினார். கரணையின் எடை தோலின் ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்து சுரங்களுக்குள் ஒடுக்குகிறது. அவை 1:2:3:4:5 என்னும் விகிதத்தில் அமைகின்றன என்பதே அவர் கண்ட முடிபு.

கணக்கு 1920இல் வந்தது. கரணை அதற்குப் பல தலைமுறைகள் முற்பட்டது. எத்துணைத் தடிப்பில் தேய்த்தால் சுரம் இயையும் என்பதைச் செவியால் அளந்தவர்களின் பெயர்கள் ஆய்வேடுகளில் இல்லை. பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) வாசிப்பைப் போற்றும் இசை வரலாறு, அவருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்தைப் பற்றி நெடுங்காலம் பேசவில்லை. டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்த பிறகே அத்தகையோர் பலரின் உழைப்பு பொதுவாசகர் முன் வந்தது. ஒலியியலின் இந்திய வரலாற்றை எழுதுவோர் இராமனின் கட்டுரையிலிருந்து தொடங்கினால் போதாது. கரணை தேய்த்த கைகளிலிருந்து தொடங்க வேண்டும்.