ஈரலின் காவலர்

மனிதருக்கு நெருப்பை ஈந்த புரொமித்தியசின் ஈரலைக் கழுகு பகலில் தின்ன, இரவில் அது மீண்டும் வளர்ந்தது என்பது கிரேக்கர் கதை. 1931இல் ஹிக்கின்சும் அண்டர்சனும் எலியின் ஈரலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றினர். எஞ்சிய மடல்கள் பெருத்து இழப்பை ஈடுசெய்தன. இதனைத் தூண்டுவோர் யாவர்? குப்பர் கலங்கள் எனப்படும் ஈரற் கலங்களை, பிறபொருளை விழுங்குங் காவலரென 1898இல் பிரோவிச் இனங்காட்டினார். ஈரல் வெட்டுண்டதும் இக்காவலரே இன்ரலூக்கின்-6 என்னும் புரதத்தைச் சுரந்து, அயற்கலங்களைப் பெருக ஆயத்தஞ் செய்கின்றனர். அப்புரதமற்ற சுண்டெலிகளில் வளர்ச்சி குன்றுவதை 1996இல் ஆய்வாளர் காட்டினர். ஆயினும், அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் தழும்பே மிஞ்சும். காவல் அளவோடு நின்றாலன்றி ஆக்கமில்லை. தெய்வ தண்டனையின் கூறாகச் சொல்லப்பட்ட வளர்ச்சியை, இன்று நாம் கலங்களின் கூட்டுழைப்பாக அறிகிறோம்.