மூளை நோயும் பொதுப்பணமும்

கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. செலவை வக்ஃபு வருவாய் ஏற்றது. நோயாளியிடம் கட்டணம் பெறப்படவில்லை. இத்தகையோரைக் காப்பது சமூகத்தின் பொறுப்பு என்பதற்கு அது சான்று.

நம் மாநிலத்தில் அப்பொறுப்பை அரசு மருத்துவமனை ஏற்றது. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் டாக்டர்கள் பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோருடன் அங்கே புதிய முறையொன்றை வளர்த்தார். தலையில் சட்டகம் பொருத்தி, எக்ஸ்ரே படத்தால் இலக்கை அளந்து, சிறு துளை வழியே மெல்லிய கருவியை மூளையின் ஆழத்திற்குச் செலுத்துவது அம்முறை. நடுக்குவாத நோயாளர் பலர் அதனால் பயனுற்றனர்.

2024இல் சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம், கருச்சிசு மூளையின் 5,132 நுண்சீவல்களைப் படமாக்கி உலகோர்க்கு இலவசமாக வழங்கியது. நன்கொடைகளோடு ஒன்றிய அரசின் நிதியும் அதற்குத் துணைநின்றது.

அரியலூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எனினும், வலிப்பை ஜின்னின் தீண்டல் எனக் கருதிப் பிள்ளையை மறைத்து வைக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. ஓதிப் பார்ப்பது மருத்துவத்திற்குத் தடையன்று. மருந்து தேடுவதும் நபிவழியே. பொதுப்பணத்தில் வளர்ந்த சிகிச்சை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நோயுற்ற பிள்ளையை அதனிடம் கொண்டு சேர்ப்பது பெற்றோரின் கடமையாகும்.