இடமும் உந்தமும்: ஒரு சிந்தனைப் பரிசோதனை ஆய்வுகூடம் புகுந்த வரலாறு

ஒரு துணிக்கையின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே திட்பமாக அறிதல் இயலாது என்பது 1927இல் ஐசன்பேர்க் வெளியிட்ட தத்துவமாகும். இஃது எமது அறிவின் குறைபாடா, அன்றி இயற்கையின் இயல்பா? 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐன்ஸ்ரைன், பொடொல்ஸ்கி, றோசன் ஆகிய மூவரும் நான்கு பக்கக் கட்டுரையொன்றில் இவ்வினாவைக் கூர்மைப்படுத்தினர். ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பின்னர் விலகிச் சென்ற இரு துணிக்கைகளை அவர்கள் கற்பனை செய்தனர். முதலாவதன் இடத்தை அளப்பின் இரண்டாவதன் இடம் தெரியவரும். உந்தத்தை அளப்பின் உந்தம் தெரியவரும். இரண்டாவதை எவரும் தீண்டவில்லை. ஆகவே அதற்கு இவ்விரு கணியங்களும் முன்னரே இருந்திருத்தல் வேண்டும். அவற்றைக் கூறமாட்டாத சத்திச்சொட்டுக் கொள்கை நிறைவற்றது என்பதே அவர்தம் வாதம். நீல்ஸ் போர் அவ்வாண்டிலேயே, அதே தலைப்பில், மறுப்பு எழுதினார். இத்தகைய இணைப்புக்குப் ‘பின்னல்’ எனப் பொருள்படும் பெயரை ஷ்றோடிங்கர் இட்டதும் அவ்வாண்டிலேதான்.

வாதம் இடத்தையும் உந்தத்தையும் பற்றியது. பரிசோதனைகளோ நெடுங்காலம் வேறொன்றையே அளந்தன. 1951இல் டேவிட் போம் இவ்வாதத்தைத் துணிக்கைகளின் சுழற்சி கொண்டு திருப்பி எழுதினார். பெல் 1964இல் தமது புகழ்பெற்ற சமனிலியை அவ்வடிவத்தின் மீதே கட்டினார். 1972இல் பிறீட்மனும் கிளவுசரும், 1981, 1982இல் அஸ்பேயும் குழுவினரும் கல்சிய அணுக்கள் உமிழ்ந்த போட்டன் சோடிகளின் முனைவாக்கத்தை அளந்தனர். முனைவாக்கத்துக்கு விடை இரண்டே, இடமோ தொடர்கணியம். மேலும், கல்சிய அணுவும் உந்தத்தின் ஒரு பங்கைக் கொண்டு செல்வதால், ஒரு போட்டனின் திசை மற்றதன் திசையை நிர்ணயிப்பதில்லை. கருவியின் வசதியே வினாவைத் தெரிந்தெடுத்தது எனலாம்.

மாற்றுவழி 1970இலேயே கிட்டியிருந்தது. பேண்காம், வைன்பேர்க் என்போர் பளிங்கொன்றினூடே ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்தி, ஒரு போட்டன் இரண்டாகப் பிரிவதையும் அவை ஒருங்கே தோன்றுவதையும் காட்டினர். இரண்டும் பளிங்கின் ஒரே இடத்திற் பிறக்கின்றன. அவற்றின் உந்தங்களின் கூட்டுத்தொகை தாய்ப் போட்டனின் உந்தமாகும். மூவர் கற்பனை செய்த சோடியை இது பெரிதும் ஒத்தது. 1995இல் மேரிலாந்தில் ஷீயின் குழுவினர், ஒரு கற்றையில் வைத்த துளைத்தகட்டின் உருவத்தை மற்றக் கற்றையை வருடிப் பெற்றனர். 2001இல் வியன்னாவிற் சைலிங்கரின் குழுவினர் முறுக்கிய அலைமுகங்களின் பின்னலைக் காட்டினர்.

மூலவினாவை நேரே அளந்தவர்கள் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்து ஹொவெல், பெனிங், பென்ற்லி, போயிட் ஆகியோர், ஆண்டு 2004. (1992இல் கலிபோர்னியாவில் ஒளியலையின் வீச்சுகளைக் கொண்டு இதன் ஒத்தவடிவம் சோதிக்கப்பட்டதுண்டு, அங்கு அளக்கப்பட்டது மெய்யான இடமன்று.) இவர்கள் கையாண்ட முறை பாடசாலை ஒளியியலே. வில்லையொன்றினாற் பளிங்கின் விம்பத்தை ஒடுங்கிய பிளவொன்றின் மீது வீழ்த்தினால், பிளவினூடு வரும் போட்டன் பளிங்கில் எவ்விடத்திற் பிறந்தது என்பது தெரியும். பிளவை வில்லையின் குவியத்தளத்தில் வைத்தாலோ, ஒரே திசையிற் சென்றன யாவும் ஒரே புள்ளியிற் சேர்வதால், குறுக்குத்திசை உந்தம் தெரியும். ஒரு பிளவை நிறுத்தி மற்றதை நகர்த்தி, இரு உணரிகளும் ஒருங்கே துடிப்பதை எண்ணிக்கொண்டே போதல் வேண்டும். பிளவின் புறத்தே வீழ்ந்தவை யாவும் இழப்பே.

முடிவு தெளிவாயிருந்தது. பின்னலற்ற சோடிகளுக்கு இட, உந்த மாறற்றிறன்களின் பெருக்கம் குறுக்கிய பிளாங்கு மாறிலியின் வர்க்கத்தின் 0.25 மடங்கிற் குறைதல் ஆகாது. அவர்கள் பெற்றதோ 0.01 மடங்கு. இதனால் ஐசன்பேர்க் தோற்றார் எனக் கொள்ளற்க. ஒரே சோடியில் இரு கணியங்களும் அளக்கப்படவில்லை.

ஐன்ஸ்ரைன் தோற்றார் என்றும் இதைக்கொண்டு கூறவியலாது. மூவர் கட்டுரையின் நிலையில் இடத்தையும் உந்தத்தையும் மாத்திரம் அளப்பின், அவ்விடைகளைப் பழைய பௌதிகத்தின் மறைந்த பெறுமானங்களாலும் விளக்கலாம் என்பதை 1986இற் பெல்லே காட்டியிருந்தார். அவ்வழக்கைத் தீர்த்தவை முனைவாக்கப் பரிசோதனைகள். அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றதும் அவ்வழியே. எனவே போமின் திருப்பம் வசதிக்காக மட்டும் நிலைத்ததன்று.

பிளவை நகர்த்தும் தொல்லை பின்னர் நீங்கிற்று. 2012இற் கிளாஸ்கோவில் பட்ஜெற்றின் குழுவினர் தனிப் போட்டன்களையும் உணரவல்ல கமராவொன்றின் முன் இரு கற்றைகளையும் வீழ்த்தி, ஏறத்தாழ 2,500 இடநிலைகளிற் பரந்த பின்னலை அளந்தனர். இடத்தை விட்டு உந்தத்தை அளக்க அவர்கள் மாற்றியதும் வில்லைகளையே.